கோவையில் ராமநாதபுரம் மாவட்டத்துச் சாப்பாட்டுக் கடை: எதை ஊரிலிருந்து கொண்டுவருவது, எதை இங்கேயே வாங்குவது?

கமுதிக்காரன்:

அனைவருக்கும் வணக்கம். சொந்த ஊர் கமுதிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம், பிழைப்பு கோவையில். பம்ப் தயாரிக்கும் கம்பெனியில் இத்தனை காலம் ஓட்டியாயிற்று. இனி சொந்தமாக ஏதாவது செய்யலாம் என்று சிங்காநல்லூர் பக்கம் ஓர் இடம் பிடித்திருக்கிறேன். முப்பது பேர் உட்காரலாம். முழுக்க எங்கள் மாவட்டத்துச் சாப்பாடுதான். நாட்டுக்கோழிக் குழம்பு, குடல் குழம்பு, கருவாட்டுக் குழம்பு, மீன், மதியம் சோறு, இரவில் இட்லி தோசைக்குக் கறிக்குழம்பு. என் சித்தி அடுப்படியைப் பார்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டிருக்கிறார். சித்திரை முதல் தேதி திறப்பதாகத் திட்டம்.

சிக்கல் சாமான் விஷயத்தில்தான். பாதிப் பணம் போடுகிற என் மைத்துனர், "அனைத்துப் பொருட்களும் ராமநாதபுரம் மாவட்டத்திலிருந்தே" என்று பெயர்ப்பலகையில் எழுதவேண்டும் என்கிறார். இந்தக் காலத்தில் அதற்குத்தான் கூட்டம் வரும் என்பது அவர் கணக்கு. ஊர் இங்கிருந்து முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். தக்காளியைக்கூட அங்கிருந்து ஏற்றிக்கொண்டு வருவதா?

அதே சமயம் அவரை முழுக்கத் தள்ளவும் முடியவில்லை. சென்ற மாதம் வீட்டில் வெள்ளோட்டம் பார்த்தோம். இங்கே மளிகைக் கடையில் வாங்கிய நீள மிளகாய் வற்றலை அரைத்துச் சித்தி குழம்பு வைத்தார். காரம் சுள்ளென்று ஏறியது, ஆனால் குழம்பு தண்ணீராக நின்றது, நிறமும் வேறு. "இது நம் ஊர் வற்றல் இல்லை" என்று சொல்லிவிட்டு அவர் பாத்திரம் கழுவப் போய்விட்டார்.

சமையல் தொழிலில் இருப்பவர்கள் யாராவது வழி சொல்லுங்கள். எதற்கு ஊர்ப் பொருள் கட்டாயம், எதற்குத் தேவையில்லை?

புதூர்ப் பந்தி:

நான் சாப்பிடுகிற கட்சி, சமைக்கிற கட்சி அல்ல. இருந்தாலும் ஒரு யோசனை. புவிசார் குறியீடு பெற்ற பொருட்களாகப் பார்த்து வாங்கினால் பிரச்சினையே இல்லையே? ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023இல் கிடைத்தது. உடன்குடிக் கருப்பட்டிக்கும் அதே ஆண்டுதான். கொடைக்கானல் மலைப்பூண்டு, ஈரோடு மஞ்சள் இரண்டும் 2019. எல்லாவற்றையும் மெனு அட்டையில் போடுங்கள். படிக்கவே நன்றாக இருக்கும்.

உலைமூடி:

கமுதித் தம்பிக்கு: முதல் வேலையாக மைத்துனரிடம் சொல்லி அந்தப் பலகையை நிறுத்துங்கள். தர்மம் பேசவில்லை, நடக்காத காரியம் என்பதால் சொல்கிறேன். உங்கள் சித்தி குழம்பில் போடுகிற சோம்பும் சீரகமும் பெரும்பாலும் குஜராத், ராஜஸ்தான் சரக்கு. துவரம்பருப்பு கர்நாடகத்திலிருந்தோ மகாராஷ்டிரத்திலிருந்தோ வரும். விளைச்சல் குறைந்த வருடம் மொசாம்பிக்கிலிருந்தும் கப்பலில் வரும். ரசத்தில் போடுகிற பெருங்காயம் ஆப்கானிஸ்தான், ஈரான் பக்கத்துச் செடி ஒன்றின் பால். நம் நாட்டில் அந்தச் செடியைச் சாகுபடிக்கென்று நட்டதே 2020இல்தான், இமாசலத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில். அவ்வளவு ஏன், மிளகாயே போர்த்துக்கீசியர் காலத்தில் கடல் தாண்டி வந்தது. செட்டிநாட்டு மசாலாவின் அன்னாசிப்பூ சீனா, வியட்நாம் பக்கம் விளைவது. காரைக்குடி மண்ணில் ஒரு பூகூடப் பூக்காது. அதற்காகச் செட்டிநாட்டுச் சமையல் பொய் என்று யாராவது சொல்வார்களா?

நான் முன்பு வேலை பார்த்த ஒரு பெரிய ஹோட்டலில் மெனு அட்டையின் கடைசிப் பக்கம் முழுக்க "எங்கள் விவசாயிகள்" என்று போட்டோக்கள். தலைப்பாகை, மண்வெட்டி, சிரிப்பு, எல்லாம் உண்டு. பின்வாசலில் காய்கறி இறக்குவது மட்டும் தினமும் அதே மண்டி வேன். அந்தப் படங்களில் இருந்தவர்களை நாங்கள் யாரும் பார்த்ததே இல்லை. வாடிக்கையாளருக்கு இது தெரியாமல் போகலாம். அடுப்படியில் நிற்கிற ஆளுக்குத் தெரியும். அவனுக்குத் தெரிந்துவிட்டால் அதன் பிறகு எந்தப் பொருளையும் முகர்ந்து பார்த்து வாங்கமாட்டான், வந்ததை வெட்டிப் போடுவான். எனக்குக் கோபம் அதில்தான்.

நீங்கள் செய்யவேண்டியது வேறு. சித்தியை உட்காரவைத்து ஒவ்வொரு சாமானாகச் சொல்லிக் கேளுங்கள்: இது மாறினால் சமைப்பீர்களா, கரண்டியைக் கீழே வைத்துவிடுவீர்களா? தக்காளிக்குக் கவலைப்படமாட்டார். வெங்காயத்துக்கும் படமாட்டார். வற்றலுக்கு ஏற்கனவே பதில் சொல்லிவிட்டார். என் கணக்கில் உங்கள் சமையலுக்கு மூன்று நான்கு பொருள்தான் தேறும். வற்றல், கருவாடு, கோழி, ஆட்டுக்கறி. உங்கள் அலைச்சலும் பணமும் இவற்றுக்குப் போகட்டும். மற்றதைக் கோவையிலேயே நல்லதாகப் பார்த்து வாங்குங்கள். சின்ன வெங்காயத்துக்கும் தேங்காய்க்கும் மஞ்சளுக்கும் கொங்கு நாட்டில் என்ன குறை? கீரை, கத்தரிக்காய் எல்லாம் உழவர் சந்தைக்கு விடியற்காலையில் போனால் பறித்தவரிடமே வாங்கலாம். 1999இல் மதுரையில் முதல் சந்தை திறந்ததே இடைத்தரகர் இல்லாமல் அவர்கள் விற்பதற்குத்தான். கத்தரிக்காய் முந்நூறு கிலோமீட்டர் பயணம் செய்தால் அது ராமநாதபுரத்துக் கத்தரிக்காய் என்பதைவிட வாடிய கத்தரிக்காய் என்பதே உண்மை.

வற்றலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், உங்கள் குழம்பு தண்ணீராக நின்றதற்குக் காரணமே அதுதான். முண்டு குண்டாக, தடித்த தோலுடன் இருக்கும். வெந்நீரில் ஊறவைத்து அரைத்தால் அந்தத் தோல்தான் விழுதாகிக் குழம்புக்கு உடம்பு கொடுக்கிறது. நீள வற்றலில் தோல் மெல்லிசு. அதில் காரத்தைத்தான் வாங்கலாம், கெட்டியை வாங்கமுடியாது. புதூர்ப் பந்தி நண்பர் சொன்ன புவிசார் குறியீடு நல்ல விஷயம்தான். ஆனால் அது எந்த மண்ணில் விளைந்தது என்று மட்டும்தான் சொல்லும். போன வருடத்துச் சரக்கா, மழையில் நனைந்து காய்ந்ததா என்று சொல்லாது. அதை உங்கள் கைதான் சொல்லவேண்டும். மூட்டையின் வாயில் இருப்பதைப் பார்த்து விலை பேசாதீர்கள். முழங்கை வரை கையை விட்டு நடுவிலிருந்து ஒரு பிடி அள்ளுங்கள். காதருகே குலுக்கினால் விதை கலகலவென்று ஓடவேண்டும். ஓசை அமுங்கினால் உள்ளே ஈரம் இருக்கிறது, பத்தே நாளில் பூஞ்சை பிடிக்கும். காம்பைத் திருகி உள்பக்கம் பாருங்கள். கறுப்புத் தூள் உதிர்ந்தால் வேண்டாம். வெளுத்துப்போன சோடை வற்றல் பிடிக்கு ஒன்று இரண்டு இருக்கத்தான் செய்யும், அதற்குமேல் இருந்தால் விலையைக் குறையுங்கள். கடைசியாக ஒன்றை உடைத்து முகருங்கள். நல்ல முண்டில் காரத்துக்கு முன்னால் ஒரு வெயில் வாசனை வரும். இதற்குமேல் எழுத்தில் விளக்க எனக்குத் தெரியவில்லை.

கோழிக்கு வருகிறேன். கோவை, ஈரோடு, நாமக்கல் பக்கம் நாட்டுக்கோழி என்று கூண்டில் வந்து இறங்குவதில் பெரும்பகுதி பண்ணையில் தீவனம் போட்டு வளர்த்த கலப்பினம். அது கெட்ட பொருள் என்று சொல்லவரவில்லை. ஆனால் உங்கள் சித்தி சமைத்துப் பழகியது சிறுவிடை என்கிற சின்ன உடம்பு நாட்டுக்கோழியாக இருக்கும். அது ஒன்றரைக் கிலோ வரவே ஐந்தாறு மாதம் ஆகும். பிராய்லர் நாற்பது நாளில் அதைத் தாண்டிவிடும். சிறுவிடையைத் தினமும் முப்பது கோழி கொடு என்று எந்த ஊரிலும் கேட்கமுடியாது. வீட்டுக்கு நான்கைந்து கோழி மேய விட்டிருப்பார்கள், திருவிழா வந்தால் விற்கவும் மாட்டார்கள். ஆகவே நாட்டுக்கோழிக் குழம்பை வாரத்தில் இரண்டு நாள் மட்டும் போடுங்கள். சனி, ஞாயிறு என்று வையுங்கள். மற்ற நாளில் இல்லை என்றால் இல்லை. "இன்று இல்லை" என்று சொல்லத் தைரியம் இல்லாதவர்கள் வட்டாரச் சாப்பாட்டுக் கடை வைக்கக்கூடாது என்பது என் பிடிவாதம்.

ஆட்டில் தொடைக்கறியை மட்டும் கிலோக் கணக்கில் வாங்குவதை விடுங்கள். முழு ஆடாக எடுத்தால் குடல், தலை, ஈரல், எலும்பு எல்லாம் உங்கள் மெனுவில் தனித்தனிப் பண்டமாகும். உங்கள் ஊரில் வீட்டில் ஆடு அறுத்தால் எதையாவது வீசியெறிந்தார்களா?

மீன் விஷயத்தில் உக்கடம் மொத்தச் சந்தையை நம்பலாம். இரு கடல் மீனும் அங்கே வருகிறது. ஆனால் காலண்டரைப் பாருங்கள். கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. மேற்குக் கரையில் ஜூன் பிறந்ததும் தடை தொடங்கி ஜூலை 31 வரை ஓடும். நடுவில் சில நாள் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழும்போது வஞ்சிரத்தின் விலையைக் கேட்டால் மயக்கம் வரும். நீங்கள் சித்திரை முதல் தேதி திறக்கிறேன் என்கிறீர்கள். மறுநாளே தடை தொடங்குகிறது என்பதைக் கவனித்தீர்களா? அந்த இரண்டு மாதத்துக்கு உங்கள் ஊர்க்காரர்கள் என்றைக்கோ வழி கண்டுபிடித்துவிட்டார்கள், கருவாடு என்று பெயர். அதைத் தடைக்கு முன்பே நன்றாகக் காய்ந்ததாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நாட்டுப்படகுக்குத் தடை இல்லை. ஆகவே காரல், நகரை, கிழங்கான் மாதிரிச் சின்ன மீன் கொஞ்சம் வந்துகொண்டிருக்கும். வஞ்சிரம் வறுவல் கேட்டு வருகிறவருக்குக் காரல் குழம்பைக் கொடுத்துப் பாருங்கள். திரும்பி வருகிறாரா இல்லையா என்பதில் உங்கள் சித்தியின் கை தெரிந்துவிடும்.

இதையெல்லாம் அச்சடித்த மெனு அட்டையில் அடக்கமுடியாது. வாசலில் ஒரு கரும்பலகை, ஒரு சாக்கட்டி. அன்றைக்கு வந்ததை அன்றைக்கு எழுதுங்கள்.

மானாவாரி:

முதுகுளத்தூர் பக்கம் முண்டு போடுகிறவன் நான். உலைமூடி ஐயா வாங்குகிறவர் பக்கத்தைச் சரியாகச் சொன்னார். விற்கிறவன் பக்கத்தையும் கொஞ்சம் கேளுங்கள்.

எங்களுக்கு ஆறும் இல்லை, கால்வாயும் இல்லை. புரட்டாசி, ஐப்பசி மழையை நம்பி விதைக்கிறோம். தை கடைசியில் பழம் எடுக்கத் தொடங்கினால் சித்திரை வரை போகும். முதல் இரண்டு எடுப்பில் வருகிற பழத்துக்குத்தான் நிறமும் தோலும் திரட்சியாக இருக்கும், போகப்போகச் சிறுத்துவிடும். களத்தில் காயும்போது ஒரு மாசி மழை பெய்தால் போதும், பாதி வெளுத்துவிடும்.

வருடத்துக்கு இரண்டு பேராவது சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ காரில் வருவார்கள். "நேரடியாக விவசாயியிடமே வாங்கப்போகிறோம்" என்பார்கள். களத்தில் நின்று போட்டோ எடுப்பார்கள். பத்துக் கிலோ வாங்குவார்கள். அதோடு சரி. கமிஷன் கடைக்காரரைத் திட்டுகிறோம்தான், சாம்பிள் என்று இரண்டு கை அள்ளுவார், சாக்குக்கு என்று எடை கழிப்பார். ஆனால் ஆவணியில் உழவுக்குப் பணம் இல்லை என்று போய் நின்றால் கொடுக்கிறவர் அவர்தான். பொங்கலுக்கும் கொடுப்பார். நீங்கள் அந்த இடத்துக்கு வரவேண்டும் என்றால் பத்துக் கிலோவோடு வரமுடியாது.

நாளைக்கு ஒரு கிலோ வற்றல் செலவாகும் என்று வைத்தாலும் வருடத்துக்கு 350 கிலோவுக்கு மேல். அதை முதல் எடுப்பிலேயே மொத்தமாக எடுத்து, களத்தில் வைத்தே பணத்தைக் கொடுத்தால் சந்தை விலைக்கே நல்ல சரக்காகத் தருவேன். எனக்கு ஏற்றுகூலி மிச்சம், உங்களுக்குப் பொறுக்குகூலி மிச்சம்.

கமுதிக்காரன்:

உலைமூடி அண்ணனுக்கும் மானாவாரி அண்ணனுக்கும் நன்றி. மைத்துனருக்கு இரண்டு பதிலையும் அனுப்பிவிட்டேன். மொசாம்பிக் பருப்பில் அவர் கொஞ்சம் அடங்கியிருக்கிறார்.

இன்னும் இரண்டு சந்தேகம். விவசாயியிடம் வாங்கினால் பில் கிடைக்காது. உணவுப் பாதுகாப்பு அதிகாரி வந்து கேட்டால் என்ன காட்டுவது? அடுத்தது விலை. பக்கத்துத் தெருவில் "நாட்டுக்கோழிக் குழம்பு" என்று போட்டு நான் கணக்குப் போட்டதில் பாதிக்குக் கொடுக்கிறார்கள். நான் என்ன விலை வைத்தாலும் அநியாயம் என்பார்களே?

உலைமூடி:

பில் விஷயம் பயப்படுகிற அளவுக்கு இல்லை. உரிமம் பெற்றவரிடம், பதிவு செய்தவரிடம் வாங்கவேண்டும், அதற்குக் கணக்கு வைக்கவேண்டும் என்பது உங்கள் உரிமத்தின் நிபந்தனை. ஆனால் 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் 18ஆம் பிரிவிலேயே விவசாயியையும் மீனவரையும் தன் பிடிக்கு வெளியே வைத்திருக்கிறது. தன் காட்டில் விளைந்ததை விற்கிற மானாவாரி அண்ணனுக்கு உரிமம் தேவையில்லை. அதையே இன்னொருவர் நாலு காட்டில் வாங்கிப் பொடியாக்கி, பாக்கெட்டில் அடைத்து விற்றால் அவருக்குப் பதிவு வேண்டும். நீங்கள் செய்யவேண்டியது ஒரு நோட்டு. தேதி, பெயர், ஊர், எடை, கொடுத்த தொகை, அவர் கையெழுத்து. வங்கியில் போட்டால் அதுவே சாட்சி. முறையான பில்லே வேண்டும் என்றால் உங்கள் மாவட்டத்தில் விவசாயிகளே சேர்ந்து நடத்துகிற உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் இருக்கின்றன, அவற்றின் வழியாக வாங்குங்கள். ஜிஎஸ்டி பில் இல்லையே என்று ஆடிட்டர் முணுமுணுத்தால், நம் மாதிரி 5 சதவீதம் கட்டுகிற உணவகத்துக்கு உள்ளீட்டு வரிச் சலுகையே, அதாவது சாமான் வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்வதே, கிடையாது என்று நினைவூட்டுங்கள். கறிக்கு மட்டும் இந்தச் சமாதானம் செல்லாது. அறுக்கிற இடத்துக்கு அனுமதி இருக்கவேண்டும், அதன் ரசீதையும் நீங்கள் வைத்திருக்கவேண்டும்.

விலைக்கு வருகிறேன். நாட்டுக்கோழியை உயிர் எடைக்கு வாங்குகிறீர்கள். அறுத்துச் சுத்தம் செய்தால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடும். பலரும் உயிர் எடை விலையை வைத்தே தட்டுக்குக் கணக்குப் போட்டுவிட்டு, மாதக் கடைசியில் கல்லாவைப் பார்த்து விழிக்கிறார்கள். கறி எடைக்கு விலை போடுங்கள். இந்தக் கோழி வேக எடுக்கிற கூடுதல் நேரத்துக்கான கேஸையும் அதில் சேருங்கள். வருகிற தொகை எதுவோ அதுதான் விலை. பக்கத்துத் தெருக்காரருடன் போட்டி போடவேண்டும் என்றால் பிராய்லர் குழம்பையும் பலகையில் எழுதுங்கள், பிராய்லர் என்றே எழுதுங்கள். அதே முண்டு அரைத்து வைத்தால் அதுவும் நன்றாகத்தான் இருக்கும். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு விலையில் பார்க்கிறவருக்கு நீங்கள் எதையும் விளக்கவேண்டியதில்லை.

350 கிலோவை வாங்கினால் எங்கே வைப்பது என்றும் இப்போதே யோசியுங்கள். வந்தவுடன் மொட்டை மாடியில் இரண்டு வெயில் காட்டி, ஆறவிட்டு, உள்ளே பிளாஸ்டிக் உறை போட்ட சாக்கில் இறுகக் கட்டிக் கட்டைமேல் வையுங்கள். தரையில் வைத்தால் கோவையின் ஆடி ஈரம் அடிமூட்டையைத் தின்றுவிடும். மாதத்துக்கு வேண்டியதை மட்டும் மில்லில் கொடுத்து அரைத்துக்கொள்ளுங்கள்.

திறப்பு விழாவைத் தள்ளிப்போடுங்கள். பங்குனிக்குள் வற்றலும் கருவாடும் வாங்கி முடியுங்கள். ஆவணியில் கடையைத் திறங்கள், அதற்குள் இரு கடலும் திறந்திருக்கும். அடுத்து வருவது புரட்டாசி, அசைவக் கடைகளில் பாதிக் கூட்டம் காணாமல் போகிற மாதம். நிறையப் பேர் அதற்குப் பயந்து ஐப்பசிக்குப் போவார்கள். எனக்குப் புரட்டாசிதான் பிடிக்கும். புது அடுப்படி, புது ஆட்கள், குறைந்த கூட்டம். சித்தி எல்லோரையும் திட்டித் திருத்த நேரம் கிடைக்கும்.

மானாவாரி:

கமுதித் தம்பி, இந்த வருடம் மழை பிந்தியதால் முதல் எடுப்பு மாசி நடுவில் ஆகும். வருவதாக இருந்தால் தனிச்செய்தியில் நம்பர் அனுப்புங்கள். சித்தியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், பொறுக்குகிறவர் அவராக இருந்தால் எனக்கும் வாக்குவாதம் குறையும். சாக்கு நீங்கள்தான் கொண்டுவரவேண்டும்.